என் தப்பு என்று சொன்னவர்

இக்குறிப்பை நான் எழுதாமல் விட்டால் ஒரு பொய் மெய்யாக நிலைத்துவிடும். சென்ற மாதம் எங்கள் நெய்வேலி நகரியத்தின் படிப்பு வட்டக் கூட்டத்தில் ஒருவர் பேச்சோடு பேச்சாக, "அந்த அம்மா தப்பா கேள்வி எழுதி மாட்டிக்கிச்சு, வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க" என்றார். பலர் தலையசைத்தனர். நானும் அங்கே அமர்ந்திருந்தேன், மறுக்கவில்லை. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நடந்ததுதான். அடுக்கிய முறைதான் பொய். அப்பெண்மணி தவறான வினாவை எழுதினார், உண்மை. அவர் வேலை போயிற்று, அதுவும் உண்மை. தவறான வினாவை எழுதியதால் வேலை போகவில்லை; அதைத் தவறு என்று தாமே சொன்னதால் போயிற்று. இவ்விரண்டுக்கும் உள்ள தொலைவை எழுதிக் காட்டும் கடமை எனக்கு உண்டு. ஏனெனில் அத்தவற்றுக்கு முதற்சான்று வழங்கியவன் நானே.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. முன்னொரு நாள் அவரைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதுங்க ஐயா, பேர் வேணாம். பேர் போட்டா நல்லவங்கன்னு எழுதிடுவீங்க" என்றார்.

இரண்டாயிரத்துப் பதினைந்தை ஒட்டிய ஆண்டுகள் அவை. நான் தமிழாசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, மகனுக்கு ஒதுக்கப்பட்ட குடியிருப்பில் வாழ்ந்துவந்தேன். அவ்வீட்டின் பின்னறை மூன்று சுவர்களிலும் தரையிலிருந்து மேற்கூரை வரை நூல்கள். ஒருநாள் முற்பகலில், முப்பது அகவை கடந்த ஒரு பெண்மணி வாயிலில் நின்று, அந்த அறையைப் பார்க்க வேண்டும் என்றார். நூல் இரவல் கேட்க வந்தவர் என்று எண்ணினேன். அவர் உள்ளே நுழைந்து நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினார். பிறகு காதைச் சாய்த்துக் கேட்டார். எதிரொலி எழவில்லை.

"புத்தகம் சத்தத்தைத் தின்னுதுங்க ஐயா. வாரத்துக்கு ரெண்டு நாள், ஒரு மணி நேரம், இந்த ரூமை எனக்குக் குடுப்பீங்களா?"

மேல்பட்டாம்பாக்கத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்களின் மகள். ஆங்கிலம் படித்துப் பட்டம் பெற்றவர். கணவர் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளர், நிலைப்பணிக்குக் காத்திருந்தவர். நகரியத்தின் எல்லைக்கு வெளியே தகரக் கூரையிட்ட வாடகை வீட்டில் குடியிருந்தனர். அங்கே சுமையுந்துகள் ஓயாமல் செல்லும். இவர் பார்த்த வேலைக்கு அந்த ஓசை பகை.

அவ்வேலை என்னவென்று முதலில் எனக்கு விளங்கவில்லை. சென்னையில் இருந்த ஒரு தேர்வு நிறுவனம், சீனமொழி பேசும் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஆங்கிலத் தேர்வுகள் ஆக்கித் தந்தது. மாணவர்கள் ஆங்கிலத்தைக் காதால் கேட்டு எவ்வளவு உணர்கின்றனர், கண்ணால் படித்து எவ்வளவு உணர்கின்றனர் என அளக்கும் தேர்வுகள் அவை. உரைப்பகுதியை எழுதுவது, வினா தொடுப்பது, ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள் வகுப்பது, கேட்புப் பகுதியைத் தம் குரலில் படித்துப் பதிவு செய்து அனுப்புவது ஆகிய நான்கும் இவர் பணி. பல நாட்டுக் குரல்களையும் மாணவர் கேட்டுப் பழக வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் கொள்கை. எனவே கடலூர் மாவட்டத்துக் குரலொன்று சீனமொழிச் சிறாரின் காதில் ஆங்கிலம் பேசியது.

"எங்க வூட்ல ரெண்டு பேரும் கான்ட்ராக்டு தாங்க ஐயா" என்று சிரிப்பார். "அவுரு மைன்ஸுக்கு. நான் சைனாவுக்கு."

பதிவு நாளில் மின்விசிறி நிற்கும், சாளரம் அடைபடும். சுரங்கத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் ஓய்ந்த பிறகே தொடங்குவார். மரங்களிலிருந்து மயில் அகவினால் அந்த வரி வீண். மயில் கெடுத்த பதிவை அவர் நடுவிலிருந்து ஒட்டிக்கொள்வார். தாம் கெடுத்த பதிவை மட்டும் அவ்வாறு செய்யமாட்டார். நா பிறழ்ந்தால் நிறுத்தி, கருவியை அணைக்காமலேயே, "என் தப்பு" என்று உரக்கச் சொல்லிவிட்டு முதல் வரியிலிருந்து படிப்பார். தனியே இருக்கும்போது யாரிடம் சொல்கிறீர்கள் என்று வினவினேன்.

"சொல்லலேன்னா தப்பு யாருதுன்னு மைக்குக்குக் கொழப்பமாயிடுங்க."

விளையாட்டாகச் சொன்னார் என்றே அப்போது எண்ணினேன்.

ஒருமுறை அச்சொற்களை வெட்ட மறந்து பதிவை அனுப்பிவிட்டார். அது தேர்வுக்குரியது அன்று. வகுப்பறைப் பயிற்சிக்குரிய பதிவு. ஆங்கில உரையாடலின் நடுவே, தெளிவான தமிழில், 'என் தப்பு' என்று ஒலித்தது. அதைக் கண்டுபிடித்தவர் வேறு யாருமல்லர், அவரேதான். உடனே நிறுவனத்துக்கு எழுதினார். அங்கிருந்த அலுவலர், அயல்நாட்டுச் சிறுவர்க்கு அது ஏதோ பெயர்போலக் கேட்கும், விட்டுவிடலாம் என்று மறுமொழி தந்தார். இவர் மும்முறை எழுதியும் அவர் மாற்றவில்லை. அந்தப் பதிவு அப்படியே போயிற்று.

அவரைப் பணிவானவர் என்று இதுவரை படித்தோர் கருதினால், என் எழுத்து வழுக்கிவிட்டது என்று பொருள். பணிவு அவரிடம் இருந்ததே இல்லை. என் அகராதித் தொகுதியின் மூன்றாம் மடலம் ஒருநாள் காணாமற்போனது. அறைக்கு வந்து செல்பவர் அவர் ஒருவரே. இடம் மாற்றி வைத்திருப்பீர்கள் என்றேன். "அது என் தப்பு இல்லீங்க" என்றார். மீண்டும் சொன்னேன். மீண்டும் அதே விடை, அதே குரல், ஓர் இம்மி உயராமல், ஓர் இம்மி தாழாமல். இரண்டு நாள் கழித்து அந்நூல் என் கட்டிலின் கீழே கிடந்தது. நானே இரவில் எடுத்துச் சென்றிருக்கிறேன். அவர் வந்ததும், கிடைத்துவிட்டது என்று மட்டும் கூறினேன். அவர் ஒலிவாங்கியை எடுக்கவில்லை. அமர்ந்தபடியே இருந்தார்.

"பிழை என்னுடையதுதான்" என்றேன்.

"பிழைன்னா ஏதோ புத்தகத்துல இருக்கறாப்புல இருக்குதுங்க ஐயா. தப்புன்னு சொல்லுங்க."

அடுக்களையிலிருந்து என் மனைவி, "சொல்லிடுங்களேன், பிள்ளைக்கு நேரமாகுது" என்றாள். நாற்பதாண்டுகள் மாணவரின் கட்டுரைகளில் அச்சொல்லை அடித்துப் 'பிழை' என எழுதியவன் நான். அன்று என் வாயால் அதைச் சொன்னேன். அவர் மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்கினார்.

கல்லூரியிலும் அவர் இப்படித்தானாம். விரிவுரையாளர் ஒருவர் ஒரு பத்தியைப் படித்துவிட்டு, என்ன கேட்டாய் என்று இவரை எழுப்பி வினவினார். இவர் கேட்டதைச் சொன்னார். கிராமத்துக் காது என்று வகுப்பு நகைத்தது. இவரோ, விரிவுரையாளர்தான் படிக்கும்போது ஒரு வரியைத் தாண்டிவிட்டார் என்று நின்றுகொண்டே சுட்டினார். அந்த ஆண்டு முழுவதும் பின்வரிசையில் அமர நேர்ந்தது. அங்கிருந்து நன்றாகக் கேட்டது என்று மட்டும் அதைப் பற்றிச் சொன்னார்.

இனி அந்த வினாவுக்கு வருகிறேன்.

தேர்வுக்குரிய பதிவுகளை அனுப்புமுன், முதற்கேட்பாளராக என்னையே அமர்த்துவார். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு இருமுறை கேட்டு, விளங்கியதைத் தமிழில் எழுதுவேன். அவர் தம் விடைக்குறிப்போடு ஒப்பிடுவார். "ஐயாவுக்கே புரிஞ்சா புள்ளைங்களுக்குப் புரியும்" என்பது அவர் கணக்கு. என் ஆங்கிலத்தின் மேல் அவர் வைத்திருந்த மதிப்பு அவ்வளவுதான்.

ஓர் உரையாடலில் ஒரு சிறுமி தோழியிடம் சொல்கிறாள்: "ஃபாதர் இஸ் இன் ஜெனரல் திஸ் வீக். வி ஆல் ஈட் டின்னர் டுகெதர்." தந்தையைப் பற்றி என்ன அறிகிறோம் என்பது வினா. பகலில் வேலை செய்கிறார், இரவில் வேலை செய்கிறார், படையில் உயர் பதவியில் இருக்கிறார், வேலையில் இல்லை என நான்கு விடைகள். பகல் வேலை என்று நான் தயங்காமல் எழுதினேன். நகரியத்தில் பால் ஊற்றுபவரும் அப்படித்தான் எழுதுவார். இங்கே 'ஜெனரல்' என்றால் காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் முறை. அந்த வாரம் வீட்டில் எல்லோரும் கூடி உண்பர். இச்சொல்லுக்கு இப்படியொரு பொருள் எங்கள் ஊருக்கு வெளியே வழங்காது என்னும் ஐயம் எங்கள் இருவருக்கும் எழவே இல்லை.

ஓராண்டு மாசி மாதத்தில் அலுவலரிடமிருந்து அழைப்பு வந்தது. அப்போது அவர் என் அறையில் இருந்தார். கைப்பேசியை மேசைமேல் வைத்துப் பேசினார். நானும் கேட்டேன். தேர்வு எழுதிய பள்ளிகளுள் ஒன்றில், ஒரு வகுப்பு மாணவர் அனைவரும் அந்த வினாவுக்கு ஒரே தவறான விடையைத் தந்திருந்தனர்: படையில் உயர் பதவி. பிற பள்ளிகளில் விடைகள் சிதறியிருந்தன. எனவே அவ்வகுப்பு பார்த்து எழுதியது என்று முடிவு கட்டி, முழுத் தேர்வின் மதிப்பெண்களையும் நிறுத்தி வைத்துவிட்டனர். அம்மதிப்பெண் இல்லாமல் அம்மாணவர் அவ்வாண்டு கல்லூரிக்கு விண்ணப்பிக்க இயலாது. அவர்களின் ஆசிரியை முறையிட்டிருந்தார். வினா சரியானதுதான் என்று அதை எழுதியவர் ஒரு வரி தந்தால், முறையீட்டைத் தள்ளிவிடலாம்.

"ஜஸ்ட் ஒன் லைன் மெயில், மேடம். கொஸ்டின் ஓகேன்னு. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

அந்த ஆசிரியையின் மடலை அனுப்பச் சொல்லி வாங்கிப் படித்தார். தேர்வுக்கு முந்திய வாரம், ஒரு பாடத்தில் 'ஜெனரல்' என்ற சொல்லைப் படைத்தலைவர் என்னும் பொருளில் தாமே கற்பித்ததாக அவ்வம்மையார் எழுதியிருந்தார். மாணவர் பார்த்து எழுதவில்லை, கேட்டதை எழுதினர். படைத்தலைவர் விடுப்பில் வீடு வந்து குடும்பத்தோடு உண்கிறார் என்று அவர்கள் கொண்டதில் என்ன குறை?

எங்கள் வினாக்காரர் மடலை மறுபடியும் படித்தார். பிறகு அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டார். என்னைப் பார்த்தார்.

"ஐயா, இது நம்ம ஊரு வார்த்தை. எழுதறப்ப எனக்கு இது இங்கிலீஷாவே தெரியலைங்க. எங்க வூட்டுல பேசற மாதிரி எழுதிட்டேன். என் தப்பு."

அன்று பிற்பகலே அலுவலரிடம் சொன்னார். கடினமான வினா என்று அலுவலர் சொல்லிப் பார்த்தார். "கஷ்டமான கேள்வி இல்லைங்க சார், தப்பான கேள்வி" என்றார் இவர். அகராதியில் தேடினால் கிடைக்கும் என்றார் அலுவலர். ஒப்பந்தம் பங்குனியில் முடிகிறது, புதுப்பிக்கும் நேரத்தில் இதெல்லாம் தேவையா என்றும் கேட்டார். அவருடைய குரலில் கடுமை இல்லை. நலம் நாடுபவரைப்போலவே பேசினார்.

அவ்வேலை இவருக்கு என்னவாக இருந்தது என்று நான் அறிவேன். படித்த ஆங்கிலத்தை அவர் பயன்படுத்திய ஒரே இடம் அது. கணவருக்கு நிலைப்பணி எப்போது கிடைக்கும் என்பது எவருக்கும் தெரியாது. நாங்கள் மூவரும் தேநீரோடு அமர்ந்திருந்தபோது என் மனைவி அதைத்தான் மெல்ல எடுத்துரைத்தாள். அவர் மறுக்கவில்லை. அவ்வளவையும் ஒப்புக்கொண்டுவிட்டு, மறுநாள் பண்ருட்டிக்கு வரமுடியுமா என்று என்னைக் கேட்டார்.

பலாப்பழப் பருவம் தொடங்கியிருந்தது. பேருந்து நிலையத்தில் இறங்கும்போதே மணம் முகத்தில் அறைந்தது. கையில் பேசியை வைத்துக்கொண்டு, ஆங்கிலம் தெரிந்தவர்களாகப் பார்த்து, அந்த இரண்டு வரிகளை ஒலிக்கச் செய்து, தந்தை எங்கே இருக்கிறார் என்று கேட்டார். இசைவு பெற்று விடைகளைப் பதிவு செய்தார். மருந்துக்கடைக்காரர், "ஜெனரல் வார்டுல இருக்காரா? அப்பறம் எப்படி எல்லாரும் ஒண்ணா சாப்புடறது?" என்று தாமே மடக்கிக்கொண்டு, "சாப்பாடு எடுத்துகினு போவாங்க போல" என்று தாமே தீர்த்தும் கொண்டார். பேருந்துக்கு நின்ற கல்லூரி மாணவியர் இருவர், முன்பதிவு கிடைக்காமல் தொடர்வண்டியின் பொதுப்பெட்டியில் போகிறார் என்றனர். அதற்காக வருந்தவும் செய்தனர். முந்திரிக் கடைக்காரர் ஒருவர், மளிகைக் கடை வைத்திருக்கிறார் என்றார். "ஒரு வாரத்துக்கு மட்டுமா?" என்று அவர் மனைவி உள்ளிருந்து கேட்டார்.

பலா ஏற்றுமதி செய்யும் முதியவர் ஒருவர் மட்டும் கேட்டவுடன், "பகல் டூட்டி" என்றார். இவ்வளவு முயற்சியும் வீணோ என்று எண்ணினேன்.

"எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?" என்று இவர் கேட்டார்.

"மாப்புள நெய்வேலிம்மா. போன் போட்டா இதத்தான சொல்லிகினு இருக்காரு. ஜெனரலு, நைட்டு, ஜெனரலு, நைட்டு."

அவ்விடையையும் வெட்டாமல் சேர்த்தார். வெட்டினால் யாருக்குத் தெரியப் போகிறது என்று நான் சொன்னதற்கு, அதுதான் முதன்மையான சான்று என்றார். சொல்லை அறிந்தவர் யார், அறியாதவர் யார் என்பதை அந்த ஒரு மாப்பிள்ளை விளக்கிவிடுகிறார் அல்லவா?

அலுவலர் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். பண்ருட்டிக்காரர்களுக்கா நாம் தேர்வு வைக்கிறோம் என்றார். அப்போது இவர் சொன்னதை எழுத்துப் பிசகாமல் தருகிறேன்:

"ஒரு பஸ்ஸு தூரத்துல இருக்கறவங்களுக்கே தெரியலைங்க சார். கடலுக்கு அந்தாண்ட இருக்கற புள்ளைங்க தெரிஞ்சிகினு இருக்கணும்னு நான் எப்படிங்க கையெழுத்து போடறது? அதுங்க கரெக்டா கேட்டுதுங்க. நான்தான் தப்பா பேசினேன். தப்பு என்னுது, மார்க்கு அதுங்களுதா?"

மறுமுனையில், "யோசிச்சுக்குங்க மேடம்" என்ற குரல் மட்டும் வந்தது.

அவர் யோசிக்கவில்லை. மடல் எழுதினார். அச்சொல் தம் ஊரில் வழங்கும் பொருளையும், தாம் அதை அறியாமல் கையாண்டதையும், மாணவர் மீது குற்றமில்லை என்பதையும் எழுதி, பண்ருட்டிப் பதிவுகளை இணைத்தார். நிறுவனத்துக்கு ஒரு படி. அந்த ஆசிரியைக்கு நேராக ஒரு படி. அனுப்புமுன் என்னிடம் நீட்டினார். முதலில் கேட்டவர் என்ற முறையில் நானும் கையொப்பமிட வேண்டும் என்றார்.

நான் தயங்கினேன். இதை எழுதாமல் விட்டால் இக்குறிப்பும் பொய்யாகிவிடும். பிறர் நிறுவனத்தின் பூசலில் எனக்கென்ன வேலை, மகன் அரசு சார்ந்த பணியில் இருக்கிறான் என்றெல்லாம் எனக்குள் வாதிட்டேன். பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் வற்புறுத்தவில்லை. மறுநாள் முற்பகலில் வந்தார். அது பதிவுநாள் இல்லை. ஒன்றும் கேட்காமல் அறைக்குள் அமர்ந்தார், அகராதி கிடைத்த அன்று அமர்ந்ததைப் போலவே. நான் கையொப்பமிட்டேன். பெயருக்கு மேலே தமிழில், 'இவ்வினாவைத் தேர்ந்து சரியென்றவன் நான். தப்பு எனக்கும் உண்டு' என்று எழுதினேன். அவர் படித்துப் பார்த்து, 'தப்பு' என்ற சொல்லின்மேல் விரலை ஒருகணம் வைத்துவிட்டு எடுத்தார்.

அந்த வினா தேர்விலிருந்து நீக்கப்பட்டது. மாணவரின் மதிப்பெண்கள் திரும்பக் கிடைத்தன. பங்குனியில் இவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் கூறப்படவும் இல்லை. அலுவலர் தொலைபேசியில் வருத்தம் தெரிவித்தார். இவர் நன்றி சொன்னார். வேலை போனது தம் தப்பு என்று மட்டும் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தார் பரிவோடு, இப்படி வாயைக் கொடுத்து வேலையைக் கெடுத்துக்கொண்டாயே என்றபோதும், "அது என் தப்பு இல்லீங்க" என்றே சொன்னார், ஓர் இம்மி உயராமல், ஓர் இம்மி தாழாமல்.

சித்திரையில் ஒருநாள் பேசியோடு வந்தார். அந்த ஆசிரியை ஒரு பதிவு அனுப்பியிருந்தார். சாளரத்தை அடைத்து, விசிறியை நிறுத்தி, நாங்கள் இருவரும் கேட்டோம். ஆங்கிலத்தில் முதலில் ஆசிரியையின் குரல்: பயிற்சிப் பதிவொன்றின் நடுவே வந்த இரு சொற்களின் பொருளைத் தம் மாணவர் நெடுநாளாக ஊகித்துக்கொண்டிருந்தனராம். ஊர்ப்பெயர் என்றனர் சிலர், வாழ்த்து என்றனர் சிலர். மடலால் அக்குரல் தமிழருடையது என்று அறிந்த பிறகு, தமிழ் அறிந்த ஒருவரைத் தேடிப் பிடித்துப் பொருள் கேட்டாராம். இப்போது வகுப்பில் எவர் தவறினாலும் அதையே சொல்கின்றனராம். பிறகு வகுப்பு முழுவதும் ஒருமித்த குரலில் ஒலித்தது, நீட்டியும் குறுக்கியும், பாடுவதுபோல: "என் தப்பு."

மூன்றுமுறை போட்டுக் கேட்டார். கண் கலங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காதைச் சாய்த்து, தேர்வுத்தாள் திருத்துபவரின் முகத்தோடு இருந்தார்.

"'ப்பு' அழுத்தம் பத்தலைங்க ஐயா" என்றார். "ஆனா புரியுது. பாஸ் போட்டுடலாம்."

இப்போது அவர் எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார் என்று எழுத எனக்கு இசைவில்லை. படிப்பு வட்டத்தில் அன்று தலையசைத்தோர் இதைப் படிப்பார்களாக. நினைவிலிருந்து எழுதினேன், அகவை எண்பதை நெருங்குகிறது. நாள்களை முன்பின்னாக வைத்திருக்கலாம். பண்ருட்டியில் மருந்துக்கடைக்கு முன்னரே முந்திரிக்கடைக்குப் போயிருக்கலாம். அவர் பேச்சை என் காதுக்கேற்பத் திருத்தியும் இருக்கலாம். அறிந்தவர் தயங்காமல் எழுதித் திருத்துங்கள். இதில் குறை காண்பீர்களாயின் அதை அவர் மேலோ, அச்சிட்டவர் மேலோ, காலத்தின் மேலோ ஏற்றவேண்டாம். அது என் தப்பு.